அனைவருக்கும் ஒரு கேக்

கிறிஸ்து பிறப்பு விழாவில் கேக் இல்லாத கிறிஸ்தவ இல்லம் அரிது. ஆயின் அதைத் தொட இயலாத குழந்தைகளும் நம்மிடையே உண்டு. கோதுமை, முட்டை, பால், முந்திரி இவற்றுள் ஏதேனும் ஒன்று அவர்கள் உடலுக்கு ஒவ்வாது. “சிறு துண்டுதானே!” என்று நாம் அன்போடு வற்புறுத்துவதே அவர்களுக்குத் தீங்காய் முடியும். கோதுமையிலுள்ள குளூட்டன் என்னும் பசைப்பொருள் சிலருடைய சிறுகுடலையே புண்படுத்துகின்றது.

இதற்கு விடை நாட்டரசன்கோட்டை போன்ற செட்டிநாட்டு ஊர்களின் அடுப்படியிலேயே இருக்கின்றது. அங்கு விருந்துக்குச் சமைக்கும் கவுனி அரிசியில் குளூட்டன் இல்லை. அவ்வரிசி மாவுடன் கனிந்த வாழைப்பழம், வெல்லப்பாகு, தேங்காய்ப்பால், சிறிது பேக்கிங் பவுடர் கலந்து இட்லிப் பானையில் ஆவியில் வேகவைத்தால் மெத்தென்ற கேக் கிடைக்கும். முட்டைக்கு ஈடாக வாழைப்பழம் மாவைப் பிணைத்து வைக்கும். மைதா பட்ட சல்லடையும் தட்டும் மட்டும் ஆகா. கடையில் வாங்குவதாயின் உறையிலுள்ள ஒவ்வாமைக் குறிப்பைப் படிப்போம். 2020-ஆம் ஆண்டின் இந்திய விதிகள் அதைக் கட்டாயமாக்கியுள்ளன.

திருப்பந்தியிலும் இவ்வக்கறை உண்டு. குளூட்டன் குறைந்த கோதுமை அப்பத்தை ஏற்கலாம் என்றும், அதுவும் ஒவ்வாதவர் திராட்சை இரச வடிவில் மட்டும் நற்கருணை உட்கொள்ளலாம் என்றும் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2003-இல் தெளிவுபடுத்தியது. தாய்த் திருச்சபை இவ்வாறு எண்ணிப் பார்க்கையில், பலகாரத் தட்டை நீட்டுமுன் “பிள்ளைக்கு எது ஆகாது?” என்று அண்டை வீட்டுத் தாயிடம் கேட்பது நமக்கு அரிதாமோ?