கோட்டை மானின் நான்காம் அறை

திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டிக் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில், புள்ளிமான்கள் மர நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும். போகிறவர்கள் பழமும் பாணும் நீட்டுவார்கள். பாணை நீட்டுமுன் அந்த வயிற்றை அறிந்துகொள்வது நல்லது.

முதலில் நம் வயிறு. மனித இரைப்பை நாளொன்றுக்கு ஏறக்குறைய 2 லீற்றர் சாறு சுரக்கிறது. பெரும்பகுதி நீர், அதில் ஐதரோகுளோரிக் அமிலம், உப்புகள், பெப்சினோஜன், வழவழப்பான சீதம். அமிலம் மீனிலும் பருப்பிலும் உள்ள புரதச் சுருள்களைப் பிரித்துவிடுகிறது. பெப்சினோஜனைப் பெப்சின் என்ற நொதியமாக்குகிறது. பெப்சின் அந்தப் புரதங்களை வெட்டித் துண்டாக்குகிறது. உணவோடு வந்த கிருமிகளில் பெரும்பாலானவை அமிலத்தில் மடிந்துவிடும். இரைப்பைச் சுவரும் புரதந்தானே, அது ஏன் செரிப்பதில்லை? சீதப் படலமும் அதில் கரைந்துள்ள இருகாபனேற்றும் அதைக் காக்கின்றன. படலத்துக்கு வெளியே பிஎச் 2 அளவில் இருக்கும்போதும் கலங்களை ஒட்டிய இடம் 7ஐ நெருங்கியே இருக்கிறது.

மானின் இரைப்பைக்கு நான்கு அறைகள். முதல் மூன்றும் இந்தச் சாற்றைச் சுரப்பதே இல்லை. புல்லின் செலுலோசைச் செரிக்கும் நொதியம் எந்த முலையூட்டிக்கும் சொந்தமாகக் கிடையாது. அதனால் முதல் அறையில் கோடானுகோடி பற்றீரியாக்கள் புல்லைப் புளிக்கவைக்கின்றன. அப்போது உண்டாகும் கொழுப்பமிலங்களே மானுக்குச் சக்தி. அசைபோடும்போது ஊறும் காரத்தன்மையுள்ள உமிழ்நீர் அந்த அறையை பிஎச் 6க்கு அருகில் வைத்திருக்கிறது.

அமிலமும் பெப்சினும் நான்காம் அறையில்தான். புல்லைத் தின்று பெருகிய பற்றீரியாக்கள் இங்கே வந்து சேர்ந்ததும் அவையே இரையாகின்றன. நம் கண்ணீரில் கிருமியைக் கொல்லும் லைசோசைம், அசைபோடும் விலங்குகளில் அமிலத்தையும் பெப்சினையும் தாங்கும்படி மாறி, பற்றீரியாவின் சுவரை உடைத்துத் தருகிறது. மானின் உடம்பில் ஏறும் புரதத்தில் பெரும்பங்கு இப்படிக் கிடைப்பதுதான். செரிமானத்தில் இதைவிட வியப்பான ஏற்பாட்டை நான் அறியேன்.

பாணும் சோறும் கெடுப்பது இந்த ஏற்பாட்டைத்தான். அவற்றின் மாப்பொருள் முதல் அறையில் மிக வேகமாகப் புளித்து லக்டிக் அமிலத்தைப் பெருக்கும். நிறையத் தின்று பிஎச் 5க்குக் கீழே இறங்கினால், பயனுள்ள பற்றீரியாக்கள் மடியும், அசைபோடுவது நிற்கும், மான் சாகவும் கூடும்.

சாப்பாட்டு மணத்துக்காக மான் விழுங்கும் சொப்பிங் பையை எந்தப் பற்றீரியாவும் புளிக்கவைக்காது, எந்தச் சாறும் கரைக்காது. நன்றாக அரைபட்ட சிறு துணிக்கைகளே அடுத்த அறைக்குப் போக முடியும் என்பதால், பை முதல் அறையிலேயே தங்கி, புல்லுக்குரிய இடத்தை அடைத்துக்கொள்ளும்.