கூட யார் வந்திருக்காங்க?

அரசு மருத்துவமனையில் உள்நோயாளியாகச் சேரும்போது தவறாமல் வரும் கேள்வி இது. குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து, 18 வயது முடிந்து வெளியேறியவருக்கு இதற்குப் பதில் இருக்காது. குடல்வால் அறுவை சிகிச்சைக்கு அவரே கையெழுத்துப் போடலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் ஸ்கேன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகவும், இரவில் டிரிப்ஸ் தீர்ந்தால் நர்ஸைக் கூப்பிடவும் ஓர் ஆள் வேண்டுமே!

அலமாரியில் தங்கிவிடும் கோப்பு

இல்லத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மருத்துவப் பதிவேடு உண்டு. காய்ச்சல் என்றால் வார்டன் கூட்டிப்போவார். அதனாலேயே ஓ.பி. சீட்டு வாங்கப் பலர் பழகியிருப்பதில்லை. வெளியேறும் நாளில் சான்றிதழ்கள் கைக்கு வரும். போட்ட தடுப்பூசி, ஒவ்வாத மருந்து, சின்ன வயதில் வந்த வலிப்பு பற்றிய விவரமெல்லாம் பெரும்பாலும் அலுவலக அலமாரியிலேயே கிடக்கும். “வீட்டில் யாருக்காவது சர்க்கரை, பி.பி. உண்டா?” என்று டாக்டர் கேட்டால் என்ன சொல்வது?

வயிற்றுவலியாக வரும் துக்கம்

சிறுவயதில் பிரிவையும் அடியையும் பசியையும் கண்டவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வும் பதற்றமும் வரும் வாய்ப்பு கூடுதல். அவர்கள் அதை மனநோய் என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. தலைவலி, வயிற்றுவலி, தூக்கமில்லை என்றுதான் வருவார்கள். தினக்கூலி வேலையில் ஒருநாள் லீவு என்றால் ஒருநாள் சம்பளம் போச்சு. ஆகவே வலி மாத்திரையோடு காலம் ஓடும்.

சட்டம் தரும் கை

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு, வெளியேறியவர்களுக்குப் பின்பராமரிப்பு உதவித்தொகை தர வழிசெய்கிறது. வயது வரம்பு 21, விதிவிலக்காக 23. மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் இதற்கு மாதம் 4,000 ரூபாய். சென்னையில் அது அறை வாடகைக்கே காணாது என்பது வேறு விஷயம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கப் போனால் குடும்ப அட்டை கேட்பார்கள். குடும்பமே இல்லாதவரிடம்!

17 வயதிலேயே

வெளியேறுவதற்கு ஓராண்டு முன்பே தொடங்குவது நல்லது. மருத்துவப் பதிவேட்டின் நகலைப் பிள்ளை கையில் கொடுத்து, அதில் உள்ளதை விளக்க வேண்டும். தனிநபர் ரேஷன் கார்டுக்கும் காப்பீட்டுக்கும் இல்லமே உடனிருந்து விண்ணப்பிக்கலாம். அரசு மருத்துவமனைக்கு இரண்டு மூன்று முறை தனியாக அனுப்பிப் பழக்கலாம். அவசரத்துக்கு அழைக்க, நம்பிக்கையான பெரியவர் ஒருவரின் எண் பிள்ளையிடம் இருக்கட்டும். தூக்கமின்மை, தற்கொலை எண்ணம் என்று எதுவானாலும் பகலிலும் இரவிலும் தமிழிலேயே இலவசமாகப் பேச, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்: 14416.