குரூசர் பைக்குக்கு உயர ஹேண்டில்பார் மாட்டப்போறீங்களா? கேபிளைக் கவனிங்க!

சென்னை புதுப்பேட்டை, ஜி.பி. ரோடு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் பளபளவென்று ஹேண்டில்பார்கள் தொங்குகின்றன. அவெஞ்சர், பழைய தண்டர்பேர்டு, மீட்டியார் என 'குரூசர்' பைக் வைத்திருக்கும் வாலிபர்களுக்கு அதைப் பார்த்தாலே கை துறுதுறுக்கும். அதிலும் கையை தோளுக்கு மேல் தூக்கிப் பிடிக்கும் 'ஏப் ஹேங்கர்' என்றால் தனி மவுசு. குரங்கு கிளையில் தொங்குவது போல இருப்பதால் அமெரிக்காவில் வைத்த பேர் அது.

நாலு போல்ட்டை கழற்றி மாட்டினா வேலை முடிஞ்சுது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். போல்ட் வேலை என்னவோ சுலபம்தான். ஆபத்து இருப்பது அதோடு போகும் கேபிளில்.

தானாக சீறும் வண்டி

ஆக்சிலேட்டர் கேபிள் என்பது ஒரு உறைக்குள் ஓடும் மெல்லிய கம்பி. ஹேண்டில்பார் 6 அங்குலம் உயர்ந்தால் கேபிளும் அதற்கேற்ப நீளமாக வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க பழைய கேபிளையே இழுத்து மாட்டினால் நேராகப் போகும்போது ஒன்றும் தெரியாது. 'யு டர்ன்' அடிக்கும்போதுதான் வினை. ஹேண்டிலை முழுசாகத் திருப்பியதும் கேபிள் விறைத்து உள்கம்பியை இழுக்கும். நீங்கள் முறுக்காமலேயே என்ஜின் சீறும். எதிரே பஸ் வந்தால் என்ன ஆகும்?

கிளட்ச் கேபிளும் இப்படித்தான். எப்போதும் லேசாக இழுபட்டே இருந்தால் கிளட்ச் பிளேட் வழுக்கி, சீக்கிரமே கருகிப்போகும்.

டிஸ்க் பிரேக் வண்டி என்றால் பிரேக் ஹோசும் நீளமானது வேண்டும். மாற்றிய பிறகு உள்ளே இருக்கும் காற்றை முழுசாக வெளியேற்ற வேண்டும். காற்று தங்கினால் லீவர் மெத்தென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளில் ஏ.பி.எஸ். இருக்கும். அதில் இந்த வேலை இன்னும் சிக்கல். தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் விடுங்கள். பிரேக் ஆயில் பட்டால் டேங்க் பெயிண்ட் போய்விடும், துணி போட்டு மூடச் சொல்லுங்கள்.

சுவிட்ச் ஒயரை வெட்டி, முறுக்கி, டேப் சுற்றி விடும் கடைகளும் உண்டு. முதல் மழையிலேயே அது வேலையைக் காட்டும். ராத்திரி நெடுஞ்சாலையில் ஹெட்லைட் அணைந்தால் கதை கந்தல்தான். ஒயரை பற்ற வைத்து, சுருங்கும் டியூப் போட்டுத்தான் இணைக்க வேண்டும்.

வாங்கும்போது அளவையும் பாருங்கள். நம்ம ஊர் பைக்குகளில் பெரும்பாலும் பிடி சொருகும் இடத்தில் 22 மில்லி மீட்டர் தடிமன். ஹார்லி பார் 25.4 மில்லி மீட்டர், அதில் நம்ம சுவிட்ச் பாக்ஸ் உட்காராது. கிளாம்ப் கடிக்கும் இடத்தில் சொரசொரப்பு இருக்க வேண்டும். வழுவழு குரோம் என்றால் திடீர் பிரேக் அடிக்கும்போது பார் அப்படியே சுழலும்.

கடையிலேயே சோதனை

காசு கொடுக்கும் முன் நியூட்ரலில் என்ஜினை ஓட விட்டு, ஹேண்டிலை இடது கடைசி, வலது கடைசி வரை திருப்புங்கள். சத்தம் துளி கூட மாறக்கூடாது. டேங்குக்கும் பிடிக்கும் நடுவில் விரல் நசுங்கக்கூடாது. பிறகு உடம்பு எடையைப் போட்டு பாரை முன்னும் பின்னும் தள்ளிப்பாருங்கள். அசைந்தால் மறுபடி இறுக்க வேண்டும்.

தினமும் தாம்பரத்தில் இருந்து அம்பத்தூருக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏப் ஹேங்கர் சரிப்படாது. கையைத் தூக்கியே வைத்திருந்தால் மரத்துப் போகும். குள்ளமானவர்களுக்கும் முதுகு வலிக்காரர்களுக்கும் 2 அங்குலம் பின்னால் வளைந்த பாரே போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது மோட்டார் வாகன சட்டம் 52-வது பிரிவு. அனுமதி இல்லாத மாற்றத்துக்கு, 2019-ல் திருத்திய 182-ஏ பிரிவின்படி ஒவ்வொன்றுக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம், 6 மாதம் வரை ஜெயில், அல்லது இரண்டுமே கிடைக்கலாம். 'ஆர்.சி.யில் ஹேண்டில்பார் உயரமா எழுதியிருக்கு?' என்று கடைக்காரர் கேட்பார். போலீஸ் பிடிக்கும்போது அவர் கூட வரமாட்டார். ஆர்.டி.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மாட்டுங்கள்.

கழற்றிய கம்பெனி ஹேண்டில்பாரை மட்டும் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். வண்டியை விற்கப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.