முகம் கீறாத ரேசர்

கன்னத்தில் ஒரு கீறல். தாடையில் ஒரு கீறல். ரத்தம் நிற்க அதன் மேல் ஒட்டிய காகிதத் துண்டு. சவரம் முடிந்த பல முகங்களில் இதைப் பார்க்கலாம். “பிளேடு சரியில்லை” என்று சொல்வார்கள். சில நேரம் அது உண்மைதான். பல நேரம் குறை ரேசரில் இருக்கும். அல்லது பிடிக்கும் விதத்தில் இருக்கும்.

சிறு கீறல்தானே என்று விட முடியாது. கீறல் வழியாக நோய்க் கிருமி உடலுக்குள் போகலாம். சர்க்கரை நோய் உள்ளவருக்குப் புண் ஆற நாளாகும். ஆகவே நல்ல ரேசர் இரண்டு வேலைகளைச் செய்ய வேண்டும். முடியைச் சுத்தமாக வெட்ட வேண்டும். தோலைத் தொடாமல் விட வேண்டும். இரண்டும் ஒரே ரேசரில் கிடைக்குமா? கிடைக்கும்.

ரேசர் வந்த கதை

முன்பு மடக்குக் கத்தியால்தான் சவரம் செய்தார்கள். அதை அடிக்கடி தோல் வாரில் தீட்ட வேண்டும். பழகிய கை வேண்டும். அமெரிக்காவில் கிங் கேம்ப் ஜில்லெட் என்பவர் வேறு வழியை யோசித்தார். மெல்லிய பிளேடு, மழுங்கினால் மாற்றிக்கொள்ளலாம். அத்தனை மெல்லிய எஃகுத் தகட்டைக் கூராக்க வழி கண்டவர் வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர். 1903இல் விற்பனை தொடங்கியது. அந்த ஆண்டு விற்றவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள் மட்டுமே. பிறகு உலகம் முழுவதும் பரவியது.

இன்று பல கம்பெனிகள் இரு பக்கக் கூர் பிளேடு செய்கின்றன. அளவு ஏறக்குறைய ஒன்றுதான். நீளம் 43 மில்லிமீட்டர். அகலம் 22 மில்லிமீட்டர். பத்து பிளேடுகளை அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் கனம் வரும். ஒரு கம்பெனி ரேசரில் இன்னொரு கம்பெனி பிளேடையும் போடலாம்.

இழைப்புளி சொல்லும் பாடம்

தச்சர் மரம் இழைப்பதைப் பார்த்திருப்பீர்கள். இழைப்புளியின் அடியில் உளி சற்றே எட்டிப் பார்க்கும். அப்போது மரச்சுருள் மெல்லியதாக வரும். உளி அதிகம் வெளியே நீண்டால் மரம் பெயர்ந்துவிடும். உளி தளர்வாக இருந்தால் அதிரும். மரம் வரி வரியாகும்.

ரேசரும் இப்படித்தான். அதில் மூடி, தட்டு, கைப்பிடி என்று மூன்று பாகங்கள். மூடிக்கும் தட்டுக்கும் நடுவில் பிளேடு இருக்கும். கைப்பிடியை முறுக்கினால் பிளேடு சற்று வளைந்து இறுகும். ஒரு தாளைத் தட்டையாகப் பிடித்தால் தொங்கும். நடுவில் வளைத்துப் பிடித்தால் விறைப்பாக நிற்கும். பிளேடும் வளைந்தால்தான் விறைப்பாக நிற்கும்.

பிளேடுக்கும் தட்டின் ஓரத்துக்கும் நடுவில் ஒரு சிறு இடைவெளி உண்டு. அளவுகோலில் ஒரு சிறு கோட்டிலிருந்து அடுத்த கோடு வரை ஒரு மில்லிமீட்டர். அதில் சுமார் பாதி இடைவெளி உள்ளது மென்மையான ரேசர். முழு அளவுக்கு வந்துவிட்டால் அது முரட்டு ரேசர். புதிதாகப் பழகுபவருக்கும் மென்மையான தோல் உள்ளவருக்கும் அது ஆகாது.

இடைவெளி குறைவாக இருக்க வேண்டும். பிளேடு அசையாமல் இருக்க வேண்டும். முதலாவது தோலைக் காக்கும். இரண்டாவது முடியை வெட்டும்.

கடையில் என்ன பார்க்க வேண்டும்?

ஒன்று: கடைக்காரரிடம் கேட்டு ஒரு பிளேடைப் போட்டு முறுக்குங்கள். இரு பக்கமும் பிளேடு ஒரே அளவு வெளியே தெரிய வேண்டும். கோணலாக இருந்தால் அந்த ரேசர் வேண்டாம்.

இரண்டு: காதருகே வைத்து ஆட்டுங்கள். கடகட என்ற சத்தம் வரக் கூடாது.

மூன்று: தட்டின் ஓரத்தைப் பாருங்கள். சிலவற்றில் சீப்புப் பல் போல் இருக்கும். நீண்ட தாடியை எடுக்க அது நல்லது. அடிக்கடி சவரம் செய்பவருக்கு நேரான ஓரம் போதும்.

நான்கு: கைப்பிடியில் சொரசொரப்பு இருக்க வேண்டும். சோப்புக் கையில் வழுக்கக் கூடாது.

ஐந்து: கொஞ்சம் கனம் இருப்பது நல்லது. ரேசர் லேசாக இருந்தால் கை அதை அழுத்தும். அழுத்தினால் வெட்டும்.

சிலர் கைப்பிடியைத் தளர்த்திவிட்டுச் சவரம் செய்வார்கள். இன்னும் ஒட்ட எடுக்கும் என்பது அவர்கள் எண்ணம். அது தவறு. பிளேடு அதிரும், கீறும்.

பிடிக்கும் முறை

முதலில் முகத்தை நீரால் நன்றாக நனையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஊறினால் முடி மெதுவாகும். சோப்பு நுரை போடுங்கள். பிளேடு தோலுக்கு 30 பாகை சாய்வில் இருக்கட்டும். படுக்கவும் கூடாது, நிமிரவும் கூடாது. முடி வளரும் திசையிலேயே சிறிது சிறிதாக இழுங்கள். அழுத்த வேண்டாம். இன்னும் ஒட்ட எடுக்க வேண்டுமா? மீண்டும் நுரை போட்டுத்தான் எடுக்க வேண்டும். முடியைப் பிடித்து இழுப்பது போல் தெரிந்தால் பிளேடை மாற்றிவிடுங்கள்.

ஒருவருக்கு ஒரு ரேசர்

அப்பாவும் மகனும் ஒரே ரேசரைப் பயன்படுத்துவது சில வீடுகளில் வழக்கம். விடுதிகளிலும் வேலைத் தளங்களிலும் நண்பர்கள் மாற்றிக்கொள்வார்கள். இது ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத ரத்தத் துளி போதும். கல்லீரலைத் தாக்கும் மஞ்சள் காமாலை வகைகளில் ஹெபடைடிஸ் பி ஒன்று. அந்தக் கிருமி உடலுக்கு வெளியே 7 நாளாவது உயிரோடு இருக்கும். கழுவிவிட்டோம் என்ற நம்பிக்கை போதாது. இந்த நோய்க்குத் தடுப்பூசி உண்டு. ஆனால் ஹெபடைடிஸ் சி என்ற இன்னொரு வகைக்கு இன்னும் தடுப்பூசி இல்லை.

சலூனுக்குப் போனாலும் இதே விதிதான். கத்தியில் புதுப் பிளேடு போடச் சொல்லுங்கள். உறையிலிருந்து எடுத்து, பாதியாக உடைத்துப் போடுவதை உங்கள் கண்ணால் பாருங்கள். எல்லோர் முகத்திலும் தேய்த்த படிகாரக் கல் வேண்டாம் என்று சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. அது முடிதிருத்துபவருக்கும் பாதுகாப்பு.

பழைய பிளேடு

தீர்ந்த பிளேடைக் கண்ட இடத்தில் வீசாதீர்கள். ஒரு பழைய டப்பாவின் மூடியில் கீறல் போட்டு அதற்குள் போட்டுவையுங்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நிறைந்ததும் மூடியை ஒட்டி, உள்ளே பிளேடு இருப்பதை மேலே எழுதுங்கள். பிறகு தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுங்கள். நம் முகம் கீறக் கூடாது. குப்பை அள்ளுபவரின் கையும் கீறக் கூடாது.