கன் பொருந்தினால் மட்டும் கரன்ட் ஏறாது

2023 மே 25 அன்று போர்டு நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஜிம் ஃபார்லியும் டெஸ்லாவின் ஈலான் மஸ்க்கும் ட்விட்டர் நேரலையில் சேர்ந்து பேசினார்கள். போர்டின் மின்சாரக் கார்கள் இனி டெஸ்லாவின் சூப்பர்சார்ஜர்களில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம் என்பதுதான் செய்தி. சந்தையில் நேருக்கு நேர் மோதிக்கொள்ளும் கம்பெனிகள் இவை. இரண்டே வாரத்தில் ஜெனரல் மோட்டார்ஸும் அதே முடிவை எடுத்தது. ரிவியன், வால்வோ, மெர்சிடிஸ், நிசான், ஹோண்டா, ஹூண்டாய், கியா, பிஎம்டபிள்யூ, டொயோட்டா என்று அந்த ஆண்டு முடிவதற்குள் வட அமெரிக்காவில் கார் விற்கும் பெரிய கம்பெனிகளில் பெரும்பாலானவை டெஸ்லாவின் வாசலுக்கு வந்துவிட்டன.

வேறு வழி இல்லை என்பதுதான் காரணம். டெஸ்லா 2012-லேயே நெடுஞ்சாலை ஓரங்களில் தன் செலவில் சார்ஜர் நட ஆரம்பித்தது. மற்றவர்கள் காரைச் செய்துவிட்டு, சார்ஜரை யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டார்கள். அப்படிப் பார்த்துக்கொண்ட பெரிய கம்பெனிகளில் ஒன்றான எலக்ட்ரிஃபை அமெரிக்கா பிறந்த கதையே விசித்திரமானது. டீசல் புகை மோசடியில் மாட்டிக்கொண்ட ஃபோக்ஸ்வேகன், அரசுடன் செய்துகொண்ட உடன்பாட்டின்படி 200 கோடி டாலர் போட்டுத் தொடங்கியது அது. தண்டனையாகக் கட்டிய சார்ஜருக்கும் தன் காரை விற்பதற்காகக் கட்டிய சார்ஜருக்கும் உள்ள வித்தியாசம் ஓட்டுநர்களுக்குத் தெரிந்தது. செத்துப்போன திரை, கார்டை ஏற்காத இயந்திரம் என்று புகார்கள் குவிந்தன.

டெஸ்லாவும் தர்மத்துக்குக் கதவைத் திறக்கவில்லை. அமெரிக்காவின் 2021 உள்கட்டமைப்புச் சட்டம் சார்ஜர்களுக்காக 750 கோடி டாலர் ஒதுக்கியிருந்தது. எல்லாக் கம்பெனிக் கார்களுக்கும் பொதுவான சார்ஜராக இருந்தால்தான் அதில் பங்கு. 2024 முடிவதற்குள் 7,500 சார்ஜர்களைப் பொதுவாக்குவதாக 2023 பிப்ரவரியில் டெஸ்லா ஒப்புக்கொண்டதை வெள்ளை மாளிகையே அறிவித்தது. அதற்குச் சில மாதம் முன்பு, 2022 நவம்பரில், தன் பிளக்கின் வடிவமைப்பையும் யாரும் பயன்படுத்தலாம் என்று டெஸ்லா வெளியிட்டிருந்தது. இன்று அது வாகனத் தரங்களை வகுக்கும் எஸ்ஏஇ அமைப்பின் ஜே3400 என்ற பொதுத் தரம்.

ஐரோப்பாவில் இத்தனை நாடகம் தேவைப்படவில்லை. பொது வேக சார்ஜர் என்றால் அதில் சிசிஎஸ் 2 என்ற வகைப் பிளக் இருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2014-லேயே விதி போட்டுவிட்டது. டெஸ்லாவும் தன் மாடல் 3 காரை அங்கே அந்தப் பிளக்குடன்தான் விற்றது. அதனால் 2021 நவம்பரில் நெதர்லாந்தில் 10 நிலையங்களைப் பிற கார்களுக்குத் திறந்தபோது ஒரு கம்பியைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. சாப்ட்வேரில் அனுமதி கொடுத்தால் போதுமானதாக இருந்தது. அரசு நேரத்தோடு ஒரு முடிவு எடுத்தால் பத்து வருட இழுபறி மிச்சம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, பிளக் பொருந்திவிட்டது. சார்ஜ் ஏறுமா?

சார்ஜர் கேபிளின் முனையில் இருக்கும் கன்னைக் காரில் மாட்டியவுடன் கரன்ட் பாய்வதில்லை. முதலில் பூட்டு விழுகிறது. பிறகு காரும் சார்ஜரும் பேசிக்கொள்கின்றன. என் பேட்டரி இத்தனை வோல்ட், இவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்று கார் சொல்ல, தன்னால் எவ்வளவு தர முடியும் என்று சார்ஜர் சொல்கிறது. எங்காவது மின்கசிவு இருக்கிறதா என்று சோதித்துவிட்டு, தன் வோல்டேஜைப் பேட்டரியின் அளவுக்குக் கொண்டுவருகிறது சார்ஜர். அதன் பிறகே காருக்குள் ‘டக்’ என்று காண்டாக்டர் என்ற சுவிட்ச் மூடிக்கொள்கிறது. கரன்ட் அப்போதுதான் ஏற ஆரம்பிக்கும். ஏறும்போதும் எவ்வளவு வேண்டும் என்று நொடிக்கு நொடி கேட்டு வாங்குவது கார்தான்.

இந்தப் பேச்சில்தான் முதல் சிக்கல். டெஸ்லாவின் பழைய வி2 சார்ஜர்கள் தங்கள் சொந்தப் பாஷையில் பேசுபவை. மற்றக் கார்கள் பேசுவது சிசிஎஸ் பாஷை. இரண்டு வகைப் பிளக்கையும் இணைக்கும் அடாப்டர் என்பது உள்ளே செம்பு வைத்த வெறும் பாலம். மொழிபெயர்க்கும் வேலையை அது செய்யாது. அதனால் 2024 பிப்ரவரி கடைசியில் போர்டுக்குக் கதவு திறந்தபோதும், வி3-யும் அதற்குப் பிந்தையவையும் மட்டுமே திறந்தன. வி2 நிலையத்தில் போய் நின்றால் கன் கச்சிதமாக உட்காரும், ஒரு யூனிட்கூட ஏறாது. வீட்டு ஏசி சார்ஜருக்கான அடாப்டரும் வேக சார்ஜருக்கான அடாப்டரும் பார்க்க ஒன்றுபோல இருப்பது இன்னொரு ஆபத்து. நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஓடும் இடத்தில் மலிவு விலைப் பொருளைச் செருகக் கூடாது.

அடுத்தது வோல்டேஜ். டெஸ்லாவின் பெரும்பாலான கார்கள் 400 வோல்ட் வகை. வி3 சார்ஜரும் அதற்கேற்ப ஏறத்தாழ 500 வோல்ட்டோடு நின்றுவிடும். ஹூண்டாய் ஐயோனிக் 5, கியா இவி6 போன்றவை 800 வோல்ட் வகை. இவை தங்கள் மோட்டாரையும் இன்வெர்ட்டரையும் வைத்தே வோல்டேஜை உயர்த்திக்கொண்டு சமாளிக்கின்றன, வேகம் குறைகிறது. டெஸ்லா பிளக்கையே காரில் பொருத்தி வந்த 2025 ஐயோனிக் 5, பெரிய பேட்டரியுடன், டெஸ்லாவின் வி3-இல் 10-இலிருந்து 80 சதவீதம் ஏற 30 நிமிடம் எடுக்கும் என்கிறது ஹூண்டாய். அதே கார், அடாப்டர் மாட்டிக்கொண்டு 350 கிலோவாட் சிசிஎஸ் சார்ஜருக்குப் போனால் 20 நிமிடம்! லூசிட் ஏர் நிலைமை இன்னும் மோசம். சூப்பர்சார்ஜரில் அதற்குக் கிடைப்பது 50 கிலோவாட்தான்.

கேபிளின் நீளமும் கவலைதான். டெஸ்லா கார்களின் சார்ஜ் வாய் பின்பக்க இடது ஓரத்தில் இருக்கிறது. பின்னால் வந்து நிறுத்தினால் எட்டும் அளவுக்கே கேபிள் விட்டார்கள். போர்டு மஸ்டாங் மாக்-இ காரின் வாய் முன்பக்க இடது ஃபெண்டரில். அதை எட்டவைக்க, பக்கத்து இடத்தை அடைத்துக்கொண்டு நிறுத்த வேண்டியிருக்கும். ஒரு கார், இரண்டு இடம். வரிசையில் காத்திருக்கும் டெஸ்லாக்காரர் முறைப்பார். புதிய வி4 கம்பங்களில் கேபிளை நீட்டியிருக்கிறார்கள். விலையும் ஒன்றல்ல. சந்தா கட்டாத வெளிக்கார்களுக்கு யூனிட் விலை கூடுதல்.

இந்தியாவுக்கு வருவோம். 2019-20இல் வந்த ஹூண்டாய் கோனா, எம்ஜி இசட்எஸ், டாடா நெக்ஸான் மூன்றும் சிசிஎஸ் 2 பிளக்கோடு வந்ததில் நம் நான்கு சக்கரப் பிளக் சண்டை பெரிதாகாமல் முடிந்தது. 2025 ஜூலையில் மும்பைக்கு வந்த டெஸ்லாவும் இங்கே சிசிஎஸ் 2 தான். சென்னை ஸ்பென்சர் பிளாசாவில் ஹூண்டாய் 2024-இல் திறந்த 180 கிலோவாட் நிலையத்தில் டாடா, மஹிந்திரா என்று எந்தக் காரையும் சார்ஜ் செய்யலாம். ஆனால் சார்ஜரில் 180 என்று எழுதியிருப்பதைப் பார்த்து ஏமாறக் கூடாது. காரின் உச்சவரம்பு 50 கிலோவாட் என்றால் ஏறப்போவது 50 தான். இரண்டு கன்களிலும் கார் நின்றால் சக்தி பங்கு பிரியவும் கூடும்.

இரு சக்கர வாகனங்களில், டெஸ்லா தன் பிளக்கைப் பொதுவாக்கியது போன்ற வேலையைச் சென்னை ஐஐடியில் படித்தவர்கள் தொடங்கிய ஏத்தர் செய்தது. ஓசூரில் தொழிற்சாலை வைத்திருக்கும் அந்த நிறுவனம் 2021-இல் தன் கனெக்டரை மற்றவர்களுக்கும் கொடுத்தது. ஹீரோவின் விடா அதை எடுத்துக்கொண்டது. 2023-இல் அது பிஐஎஸ் தரமாகவும் ஆனது. எல்லாக் கம்பெனிகளும் இன்னும் அதற்குள் வந்துவிடவில்லை.

கார்க்காரர்களின் தலைவலி இங்கே ஆப்தான். டாடா பவருக்கு ஒன்று, கோவையின் ஜியானுக்கு ஒன்று, ஸ்டாட்டிக்குக்கு ஒன்று என்று போன் நிரம்பிவிடும். வாலட்டில் முன்பணம் போட வேண்டிய இடங்களில் மிச்சம் அங்கேயே தங்கும். டீக்கடையில் கியூஆர் கோடு காட்டிப் பணம் வாங்கும் நாட்டில், சார்ஜருக்கு மட்டும் தனித்தனி வாலட் கேட்பதை நியாயப்படுத்த முடியாது. இதில் அரசு தலையிட்டே ஆக வேண்டும்.

அதுவரை, வெளியூர் கிளம்புமுன் வழியில் உள்ள சார்ஜர்களின் ஆப்களை வீட்டு வைஃபையிலேயே இறக்கிப் பதிவுசெய்துகொள்ளுங்கள். ஷோரூம் வளாகத்துச் சார்ஜர் என்றால் இரவில் கேட் திறந்திருக்குமா என்று போன் செய்து கேளுங்கள். கார் வாங்கப்போகிறவர்கள் ரேஞ்ச் எவ்வளவு என்று கேட்பதோடு, வேக சார்ஜரில் அதிகபட்சம் எத்தனை கிலோவாட் ஏறும், 10-இலிருந்து 80-க்கு எத்தனை நிமிடம் என்பதையும் விற்பனையாளரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.