மஞ்சட்கருவின் நிறமும் கோழியின் தீவனமும்

கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் ஊர்க்கோழி முட்டையைத் தேடி வாங்குவோர் அதன் செம்மஞ்சட்கருவையே தரத்தின் அடையாளமாகக் கொள்கின்றனர். ஆயினும் அந்நிறத்தைத் தீர்மானிப்பது பெரிதும் கோழி உண்ட தீவனமே. கரோட்டினாய்டு எனப்படும் மஞ்சள், செந்நிற இயற்கை நிறமிகளைக் கோழியின் உடல் தானே ஆக்கிக்கொள்ள இயலாமையால், மஞ்சள் சோளத்திலும் புல்லிலும் கீரையிலும் உள்ள லூட்டீன், சியாசாந்தின் ஆகியவையே குருதிவழி வந்து கருவில் படிகின்றன. கரட்டின் பீட்டா கரோட்டீன் பெரும்பாலும் உயிர்ச்சத்து ஏ ஆக மாறிவிடுவதால் நிறத்துக்குச் சிறிதே உதவும். தவிடும் குறுணலும் மிகுந்து சோளம் குறைந்த தீவனம் வெளிறிய கருவையே தரும்.

கரு ஒரே நாளில் உருவாவதில்லை. முட்டையிடுவதற்கு முந்திய ஏறத்தாழ பத்து நாள்களில் அது மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல் படலம் படலமாக வளர்வதால், தீவனத்தை மாற்றிய சில நாள்களிலேயே நிறம் மாறத் தொடங்கினாலும், அம்மாற்றம் முழுமைபெற இரண்டு வாரமளவு செல்லும். 1908 இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைமன் கேஜ், சூசன்னா கேஜ் இணையர், கொழுப்பில் கரையும் சூடான் 3 என்னும் சிவப்புச் சாயத்தைக் கோழிக்கு ஊட்டி, அது கருவில் படிவதையும், அம்முட்டையிலிருந்து பொரித்த குஞ்சின் உடலுக்கும் செல்வதையும் காட்டினர். கோழி உண்பது அடுத்த தலைமுறையின் உடல்வரை செல்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது அரிது. அச்சாயத்தின் நெருங்கிய உறவான சூடான் 4, 2006 இல் சீனாவின் ஹெபெய் மாகாணத்தில், வாத்து முட்டைக் கருவைச் சிவப்பாக்குவதற்காகத் தீவனத்தில் கலக்கப்பட்டமை வெளியானது; அறிவுக்காகத் தோன்றிய உத்தி வஞ்சகத்துக்குப் பயன்பட்டமை வருந்தத்தக்கது.

அத்தகைய சாயங்களுக்குத் தேவையே இல்லை. செண்டுமல்லியின் காய்ந்த இதழ்கள் லூட்டீன் மிகுந்தவை. செத்தல் மிளகாயில் உள்ள கப்சாந்தின் என்னும் நிறமி செம்மை தருவது. முதலில் மஞ்சள் அடித்தளம் போதுமளவு அமைந்து, அதன்மேல் சிறிதளவு செம்மை சேர்ந்தால்தான் நுகர்வோர் விரும்பும் நிறம் கிடைக்கும். மாலைகளாகித் தெய்வத்துக்குச் சூட்டப்பட்டு மறுநாளே குப்பையில் சேரும் செண்டுமல்லியைப் பற்றிக் கோழி வளர்ப்போர் சிந்திக்காதிருப்பது பெருங்குறையே. ஆனால் பூச்சிமருந்து தெளிக்கப்படாத பூ என்று உறுதியாகத் தெரிந்தாலன்றி அதனைத் தீவனத்தில் சேர்க்கலாகாது. வெளிச்சமும் காற்றும் நிறமியைச் சிதைப்பதால், இதழ்களை நிழலில் உலர்த்தி, காற்றுப்புகாத கலத்தில் இருளில் வைத்து விரைவில் பயன்படுத்த வேண்டும். நெடுநாள் கிடந்த சோளமும் இவ்வாறே தன் நிறமியை இழந்துவிடும்.