பைக்கில் வரும் விருந்தாளிக்கு...

"டாக்டர், கண்ணைத் திறக்கவே முடியலே!"

சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். நண்பர் கையைப் பிடித்தபடி உள்ளே வந்தார் அந்த இளைஞர். பெங்களூரிலிருந்து பைக்கிலேயே வந்து, பரங்கிப்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு சிநேகிதர் வீட்டில் தங்கியிருந்தவர். பிச்சாவரம் பார்க்கப் போன இடத்தில், கரையோரம் நின்ற ஒரு மரத்துக் கிளையை விளையாட்டாக ஒடித்திருக்கிறார். வெள்ளையாகப் பால் தெறித்திருக்கிறது. அந்தக் கையாலேயே கண்ணையும் கசக்கிவிட்டார்!

மரம் எது என்று கேட்கவே வேண்டாம். தில்லை! சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான அதே மரம்தான். அதன் பால் தோலில் பட்டால் எரிச்சல், கொப்புளம். கண்ணில் பட்டால் தற்காலிகமாகப் பார்வையே போகலாம்.

நான் மருந்து எதுவும் போடவில்லை. சுத்தமான தண்ணீரை இருபது நிமிடம் விடாமல் கண்ணில் ஊற்றிக் கழுவச் சொன்னேன். பிறகு ஒரு காரை ஏற்பாடு செய்து, அண்ணாமலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அனுப்பி வைத்தேன். "சித்த வைத்தியர் நீங்களே அங்கே அனுப்பறீங்களே?" என்று சிநேகிதருக்கு ஆச்சரியம். கண் விஷயத்தில் தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது எல்லாம் வேண்டாம் ஐயா! நல்லவேளை, சில நாளில் பார்வை தெளிந்துவிட்டது.

இப்போது வெளி மாநிலத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் பைக்கில் இந்தப் பக்கம் வருகிறார்கள். உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு மருமகனோ, மகனின் ஆபீஸ் நண்பனோ வரலாம். அவர்களுக்கு எதைக் காட்டுவது, என்ன சாப்பிடக் கொடுப்பது?

முதலில் வந்து இறங்கியவுடன் கவனிக்க வேண்டியது ஒன்று. பெங்களூரிலிருந்து இங்கே 300 கி.மீ.க்கு மேல். "வழியில் நிறுத்த வேண்டாமே" என்று பலர் தண்ணீரே குடிப்பதில்லை, சிறுநீரையும் அடக்குகிறார்கள். அடக்கக் கூடாத பதினான்கு வேகங்கள் என்று சித்த மருத்துவம் சொல்வதில் சிறுநீரும் ஒன்று. நீர்க்கடுப்பு, இடுப்பு வலி என்று என்னிடம் வருபவர்களில் பைக்காரர்கள் கணிசம். வந்தவுடன் காபியை நீட்டாதீர்கள். உப்புப் போட்ட நீர் மோர், இல்லாவிட்டால் இளநீர் கொடுங்கள். வாந்தி, பேதி என்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டிய அளவு கலந்து, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். அளவு கூடக்கூடாது. சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக் கொள்ளவும்.

"மாப்பிள்ளைக்கு உடம்பு சூடு" என்று காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, பத்து மணிக்கு வண்டியில் ஏற்றி அனுப்பும் மாமியார்களும் உண்டு. எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு தூக்கம் சொக்கும். அன்று வண்டி ஓட்டவே கூடாது!

சாப்பாட்டுக்கு வருவோம். சிதம்பரம் வந்தால் கொத்சு. கத்திரிக்காயைச் சுட்டு மசித்து, புளியும், வறுத்து அரைத்த மல்லி மிளகாயும் சேர்த்துச் செய்வது. மிளகு, சீரகம், நெய் மணக்கும் சம்பா சாதத்துக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. நடராஜருக்கே இதுதான் நைவேத்தியம். மிளகும் சீரகமும் செரிமானத்துக்கு ஏற்றவை என்பதால் பயணம் வந்த வயிற்றுக்கு நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். சிரங்கு, அரிப்பு உள்ளவர்களுக்கு மட்டும் கத்திரிக்காய் ஆகாது என்பது எங்கள் வைத்தியப் பழக்கம்.

பரங்கிப்பேட்டை என்றால் வெள்ளாற்று முகத்துவாரத்து நண்டும், இறாலும், கொடுவாவும். இதில்தான் எனக்கு ஒரு பயம். நண்டு, இறாலை வாழ்க்கையில் முதல் தடவையாகச் சாப்பிடும் விருந்தாளி, சாப்பிட்ட கையோடு பைக்கில் ஏறக்கூடாது. சிலருக்கு ஒவ்வாமை வரும். உதடு வீங்கும், உடம்பெல்லாம் தடிக்கும், மூச்சுத் திணறும். யாருமில்லாத ரோட்டில் அப்படி ஆனால் என்ன செய்வது? மூச்சு சிரமம் வந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிதான். ரம்ஜான் மாதம் வந்தால் பள்ளிவாசல் நோன்புக் கஞ்சி கட்டாயம் வாங்கிக் கொடுங்கள். அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு... இப்படியொரு பத்தியக் கஞ்சியை நானே எழுதிக் கொடுக்க முடியாது!

பார்க்க என்ன இருக்கிறது? 1781 ஜூலை 1-ல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதியது இந்த ஊர்ப் பக்கம்தான். அடுத்த நூற்றாண்டில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் இரும்பு உருக்கும் ஆலை வைத்திருந்தார். பாபாஜி கோயில் இருக்கிறது. ஆற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். வடலூரில் வள்ளலார் 1867-ல் ஏற்றிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசியோடு போகிறவருக்குச் சாதி, ஊர் கேட்காமல் சாப்பாடு உண்டு.

பிச்சாவரத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். 1975-ல் வந்த 'இதயக்கனி' எம்.ஜி.ஆரை நினைத்துக்கொண்டே படகில் போகலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மட்டும் இந்தப் பயணம் வேண்டாம்.

பெங்களூர் இளைஞர் போன மாதம் மறுபடி வந்தார். இந்த முறை மனைவியோடு. இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட். "பிச்சாவரம் போறோம் டாக்டர்" என்றார். "கை?" என்றேன். சிரித்துக்கொண்டே இரண்டு கைகளையும் பாக்கெட்டுக்குள் விட்டுக் காட்டினார்.